சூடு வாங்கிய சஹன்

சுஐபுக்கு வாய் கொஞ்சம் நீளம். அன்றைக்கு ஜமாத்துப் பெரியவர்கள் முன்னால் அந்த வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் இத்தனை பாடும் இல்லை.

அப்போதெல்லாம் கீழக்கரையில் மைக் செட் என்றால் ராமநாதபுரத்திலிருந்துதான் வரவேண்டும். வால்வு போட்ட பெட்டியை இரண்டு பேர் தூக்க, ஜெனரேட்டர் பின்னால் மாட்டு வண்டியில் வரும். அந்த ஜெனரேட்டர் போடுகிற கூச்சலில் ஓதுகிறவர் என்ன ஓதுகிறார் என்று அவருக்கே கேட்காது. தர்காக் கந்தூரி விழாவுக்கு இந்தத் தடவை யாரைக் கூப்பிடுவது என்று பெரியவர்கள் பேசிக்கொண்டிருந்தபோது சுஐபு குறுக்கே விழுந்தான்.

"ஜெனரேட்டரும் வேணாம், மாட்டு வண்டியும் வேணாம். டிரான்சிஸ்டர் போட்டு நானே ஒரு செட்டு செஞ்சு தாரேன். ஒரு கார் பேட்டரி போதும். பொட்டியை ஒத்தை ஆளு கக்கத்துல இடுக்கிட்டு வந்துரலாம்."

ஜமாத்துக் காரியதரிசி வாவு முகம்மது, ஊருக்கே அண்ணன் முறைக் காக்கா, மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு அவனைப் பார்த்தார். "ஏலே, சொல்லிட்டுக் கை விரிச்சிராதே. ராமநாதபுரத்துக்காரனை வேணாம்னு சொல்லிப்புடுவேன்."

"சொல்லிருங்க காக்கா" என்றான் சுஐபு.

அவன் சொன்னது வெறும் சவடால் இல்லை. கொழும்பில் ஒரு ரேடியோக் கடையில் வேலை பார்த்துவிட்டு வந்தவன். லாத்தா என்று அவன் கூப்பிடும் அக்காவின் வீட்டு முன்னறையில் ரேடியோ ரிப்பேர் செய்துகொண்டிருந்தான். கூட்டாளி சீனி முகம்மது கொழும்பிலிருந்து வரும்போது அவனுக்காகப் பவர் டிரான்சிஸ்டர் மூன்று கொண்டுவந்து கொடுத்திருந்தான். ரூபாய்க் காசை விடக் கொஞ்சம் பெரிசு, உருட்டையாக இரும்புத் தொப்பி, அடியில் தட்டை. செட்டுக்கு இரண்டு போதும், ஒன்று கைகாவல்.

கைகாவல் முதல் நாளே போய்ச் சேர்ந்தது. செட்டைக் கட்டி, டிரான்சிஸ்டர்களை ஒரு பிஸ்கட் டின் தகரத்தில் திருகி, பேட்டரியைக் கொடுத்துப் பேசிப் பார்த்தான். குரல் கணீரென்று வந்தது. கொஞ்ச நேரத்தில் கரகரத்தது. டிரான்சிஸ்டரில் விரல் வைத்தவன் சுரீரென்று இழுத்துக்கொண்டான். அதற்குள் ஒன்று செத்துவிட்டது.

இந்தச் சாதனத்தின் குணமே அதுதான். சூடானால் இன்னும் கரண்டு இழுக்கும், இழுத்தால் இன்னும் சூடாகும். கோபக்காரனைத் தனியாக விட்டால் தன்னைத்தானே ஏற்றிக்கொள்வானே, அந்த மாதிரி. பக்கத்தில் ஒன்று இருந்து அந்தச் சூட்டை வாங்கிக்கொள்ள வேண்டும். கொழும்பு முதலாளி அதற்கு ஹீட் சிங்க் என்பார். பெரிய வித்தை ஒன்றுமில்லை, கனமான, தட்டையான ஒரு தகடு. அலுமினியமோ செம்போ. டிரான்சிஸ்டரின் அடி அதில் இடைவெளி இல்லாமல் உட்கார்ந்தால், சூடு தகட்டில் பரவிக் காற்றில் போய்விடும். பிஸ்கட் டின் எந்த மூலைக்கு?

கனமான அலுமினியத் தகட்டுக்கு மதுரைக்குப் போகவேண்டும். கந்தூரி கண் முன்னால் நிற்கிறது. சுஐபு ஊர் முழுக்க அலைந்தான். ஈயப் பட்டறையில் கேட்டான், லாஞ்சிப் படகு ரிப்பேர் செய்கிறவர்களிடம் கேட்டான். இருந்ததெல்லாம் வளைசலும் நெளிசலுமாக இருந்தது. சோர்ந்துபோய் வீட்டுக்குள் வந்து அண்ணாந்தபோது, எதிர்ச் சுவரில் தொங்கியது சஹன்.

சஹன் என்றால் நாலு பேர் சுற்றி உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடுகிற பெரிய தட்டு. கீழக்கரையில் சஹன் இல்லாத வீடு கிடையாது. ஆனால் சுவரில் தொங்கிய அது சாப்பிடுகிற சஹன் இல்லை. அது நூர் நிஷா லாத்தாவின் பயணச் சஹன்.

அந்த வீட்டுப் பெண்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. புருஷன் கடல் தாண்டிப் போகிற அன்று கடைசிச் சாப்பாட்டை அந்தச் சஹனில்தான் போடுவார்கள். அவன் சாப்பிட்டு, ஒரு பிடிச் சோற்றை அதில் மிச்சம் வைத்துவிட்டு எழுந்திருக்க வேண்டும். திரும்பி வந்து மீதியைச் சாப்பிடுவேன் என்று அதற்கு அர்த்தம். பெண்சாதி அந்தப் பிடியைத் தின்றுவிட்டு, சஹனைக் கழுவி, முகம் சுவரைப் பார்க்க மாட்டிவிடுவாள். அவன் வந்து இறங்குகிற அன்றுதான் அது கீழே இறங்கும். ஒருவேளை அவன் வராமலே போய்விட்டால், மவுத்துச் செய்தி வந்த பிறகு, அதைக் கழற்றிப் பள்ளிவாசலுக்குக் கொடுத்துவிடுவார்கள். இரண்டில் ஒன்று நடக்காமல் அதில் யாரும் கை வைப்பதில்லை.

லாத்தாவின் புருஷன் ஹமீது சுல்தான் கொழும்பு புறக்கோட்டையில் ஒரு ஜவுளிக் கடையில் இருந்தார். போய் ஐந்து வருஷம் ஆகிவிட்டது. முன்னே மாதிரி நினைத்தால் போய் நினைத்தால் வருகிற காலம் இல்லை. பர்மிட், விசா என்று கெடுபிடி. அங்கிருந்து ஒரு தடவை கிளம்பினால் மறுபடி உள்ளே விடுவார்களோ மாட்டார்களோ என்று பயந்து நிறையப் பேர் அங்கேயே கிடந்தார்கள். ஹமீது சுல்தானும் அப்படித்தான் கிடக்கிறார் என்று லாத்தா சொன்னாள். அவர் அங்கே ஒரு சிங்களத்தியை வைத்துக்கொண்டிருக்கிறார் என்று ஊர் சொன்னது. இரண்டு பேச்சும் சுஐபுவின் காதில் விழுந்துகொண்டிருந்தன.

லாத்தா ஒரு பிள்ளைப்பேற்று வீட்டுக்குப் போயிருந்தாள். சுஐபு ஸ்டூல் போட்டு ஏறிச் சஹனைத் தொட்டுப் பார்த்தான். ஈயம் பூசிய செம்பு. நல்ல கனம். அடி பலகை மாதிரித் தட்டை. இரும்பு அளவுகோலை வைத்துப் பார்த்தான், அளவுகோலுக்கும் தகட்டுக்கும் நடுவே வெளிச்சம் தெரியவில்லை. இதற்காகவே செய்து வைத்தது போல இருந்தது.

'சும்மாதானே தொங்குது. மச்சான் வரும்போது வேற ஒண்ணு வாங்கி மாட்டிரலாம்' என்று நினைத்துக்கொண்டான். நினைத்தது அத்தோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. அதற்கு அடியில் இன்னொரு நினைப்பு படுத்திருந்தது. 'வந்தாத்தானே.' அதை அவன் எழுப்பவில்லை. பக்கத்திலேயே படுக்கவிட்டுவிட்டு உளியை எடுத்தான்.

முன்னறையில் பட்டறைக் கல்லில் வைத்து விளிம்பை வெட்டி எறிந்தான். வட்டம் சதுரமானது. சுத்தி விழும் ஒவ்வொரு தடவையும் தெருவைப் பார்த்துக்கொண்டான். உள்முகத்தில், நடுவில், புள்ளி புள்ளியாகப் பேர் குத்தியிருந்தது: நூர். கல்யாணத்துக்கு மச்சான் கொழும்பிலிருந்து இந்தச் சஹனை வாங்கி, அங்கேயே ஒரு தட்டாரிடம் உட்கார்ந்து குத்தி வாங்கி வந்த பேர். அந்தப் பேரில் படாமல் சுஐபு இந்தப் பக்கம் நாலு, அந்தப் பக்கம் நாலு என்று துளை போட்டான். பெரிய மரியாதை! கழுத்தை அறுத்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றிப் பத்திரமாக வைத்த மாதிரி.

வெளிமுகத்துக்குக் கறுப்பு அடித்தான், கறுப்புக்குச் சூட்டை வெளியே விடும் குணம் உண்டு. டிரான்சிஸ்டர் உட்காருகிற இடத்தை மட்டும் சுரண்டிப் பளபளப்பாக்கி, மைக்கா வில்லை வைத்து, வாசலின் தடவி, திருகி முடுக்கினான். பேர் இருந்த முகம் பெட்டிக்குள்ளே போய்விட்டது. பிறகு பாத்திரக் கடையில் அதே அளவில் ஒரு சஹன் வாங்கி, முதுகை உப்புத் தண்ணீரும் கரியும் போட்டுத் தேய்த்துப் பழசாக்கி, முகம் சுவரைப் பார்க்கச் சுவரில் மாட்டினான். எல்லாம் காதும் காதும் வைத்தாற்போல் முடிந்துவிட்டது. லாத்தா வந்து விளக்கேற்றும்போது அவன் ஏதோ ரேடியோவைக் குடைந்துகொண்டிருந்தான்.

கந்தூரியில் செட்டு அமர்க்களப்படுத்தியது. கடற்கரையில் வலை காயப்போட்டவர்களுக்கெல்லாம் கேட்டதாம். வாவு முகம்மது காக்கா மேடையிலேயே அவன் முதுகில் தட்டினார். தகடு கைபொறுக்கிற சூட்டில்தான் இருந்தது. சுஐபு அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துப் பூரித்துப்போனான்.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் லாத்தா பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தாள். உம்மா மவுத்தான பிறகு அவனைத் தூக்கி வளர்த்தவள் அவள்தான். அவன் எது செய்தாலும் அவளுக்கு உலக அதிசயம். "நான் மெத்தை மாடியில நின்னு கேட்டேன்லே. ஊரே உன் சத்தம்தான். இது என்ன, பின்னால கறுப்பா?"

"அது... சூட்டை வாங்கிக்கிற தகடு லாத்தா. இந்தச் சின்ன சாமான் படுற சூட்டை அது வாங்கிக்கும். இல்லாட்டி இது கருகிப்போகும்."

அவள் உள்ளங்கையை அதன் மேல் வைத்தாள். சூடு இன்னும் போயிருக்கவில்லை. "அட, ஒண்ணோட சூட்டை இன்னொண்ணு தாங்கிக்கிருதாக்கும்" என்று ஆச்சரியப்பட்டாள். கையை எடுக்காமல் கொஞ்ச நேரம் வைத்திருந்தாள். அந்தத் தகட்டின் மறுபக்கத்தில், அவள் கைக்கு நேர் கீழே, அவள் பேர் இருந்தது.

அதற்குப் பிறகுதான் அவனுக்கு வெள்ளிக்கிழமை என்றால் ஆகாமல் போனது. வெள்ளிக்கிழமை தவறாமல் லாத்தா ஸ்டூலில் ஏறி, முந்தானையால் அந்தச் சஹனின் முதுகைத் துடைத்து, கையேந்தி ஒரு துஆ கேட்பாள். முன்னெல்லாம் அவன் அதைக் கவனித்ததே இல்லை. இப்போது ஒவ்வொரு வெள்ளியும் கண்ணில் பட்டது. கடையில் வாங்கிய எவனோ செய்த தட்டைப் பிடித்துக்கொண்டு அவள் புருஷனுக்காக இறைஞ்சிக்கொண்டிருந்தாள். சொல்லிவிடலாம் என்று வாய் வரை வரும். அதற்குள் யாராவது மைக் செட்டுக்குச் சொல்ல வந்துவிடுவார்கள். கல்யாணம், மௌலூது ஓதுகிற விசேஷம், தேவிபட்டினம்வரை அழைப்பு. அவன் பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போய்விடுவான். நல்லவன்தான், கோழை. இரண்டும் ஒரே ஆளில் இருப்பது ஒன்றும் அபூர்வமில்லை.

ஒரு வருஷம் போனது. ஒருநாள் காலையில் சீனி முகம்மது கூவிக்கொண்டே வந்தான். "ஏ சுஐபு, உன் மச்சான் வாராகடா! பர்மிட்டு கெடச்சிருச்சாம். ராமநாதபுரத்துல பஸ்ஸுக்கு நிக்கிறாக!"

லாத்தா அடுப்படியிலிருந்து ஓடிவந்தாள். சிரித்தாள், அழுதாள், தலைத்துணியைத் தலைகீழாகப் போட்டுக்கொண்டாள். பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டுச் சஹனைக் கழற்றினாள். அவள் அதை நெஞ்சோடு அணைத்தபடி கிணற்றடிக்குப் போனாள். புளி போட்டுத் தேய்க்கிற சரசர சத்தம் கேட்டது. சத்தம் நின்றது.

நின்றது நின்றதுதான். சுஐபு முன்னறையில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான். ரொம்ப நேரம் கழித்து மறுபடி தேய்க்கிற சத்தம் தொடங்கியது. அவள் வெளியே வந்து அவனைக் கடந்து போனாள். முகத்தில் சிரிப்பு இல்லை. ஆனால் ஒன்றும் கேட்கவில்லை.

மச்சான் வந்து சேர்ந்தார். தலை நரைத்து, ஆள் பாதியாக இளைத்திருந்தார். சிங்களத்தியும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. கடை மாடியில் ஒற்றைப் பாயில் கிடந்து பர்மிட்டுக்கு அலைந்த மனுஷன் என்று பார்த்தாலே தெரிந்தது. பார்க்க வந்த வாவு முகம்மது காக்காவையும் சீனி முகம்மதையும் விடாமல் உட்கார வைத்தார். மச்சானோடு சுஐபுவும் சேர்ந்து நாலு பேராகச் சஹனைச் சுற்றி உட்கார்ந்தார்கள். நெய்ச்சோறு மலையாகக் குவிந்திருந்தது.

வாழ்க்கையில் சுஐபு அவ்வளவு மெதுவாகச் சாப்பிட்டதில்லை. சஹனில் அவரவர் தன் பக்கத்திலிருந்து எடுத்துச் சாப்பிட வேண்டும், நடுவில் கை போகக் கூடாது. அவனோ தன் பக்கத்துச் சோற்றை நைசாக நடுவுக்குத் தள்ளிக்கொண்டே இருந்தான். நடுவில் சோறு இருக்கிறவரை அவனுக்கு உயிர் இருந்தது. சீனி முகம்மது வேறு பசியில் வாரி வாரி இறக்கினான். அவனைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளலாம் போல இருந்தது.

சோறு வற்றியது. வெள்ளையாக, வெறுமையாக, நடு தெரிந்தது.

ஹமீது சுல்தானின் கை நின்றது. விரலால் அந்த இடத்தைத் தடவினார். "இது நம்ம சஹன் இல்லையே. இதுல பேரு இருக்குமே. நானே உக்காந்து குத்தி வாங்கினேனே."

சுஐபுவின் வாயில் இருந்த சோறு அப்படியே இருந்தது. ஊர் முன்னால் நீளமாக இருந்த அந்த வாய் அப்போது எங்கே போனதென்று தெரியவில்லை.

கதவுக்குப் பின்னாலிருந்து லாத்தாவின் குரல் வந்தது. "அதை நான்தான் கழட்டிப் பள்ளிவாசலுக்குக் கொடுத்துட்டேன். மனசு கேக்காம அப்புறம் இதை வாங்கி மாட்டினேன்."

வாவு முகம்மது காக்கா தலையைக் குனிந்துகொண்டார். கழற்றிக் கொடுத்தாள் என்றால் என்ன அர்த்தமென்று அங்கே எல்லாருக்கும் தெரியும். ஹமீது சுல்தான் தன் பக்கத்தில் ஒட்டியிருந்த சோற்றை வழித்துச் சாப்பிட்டார். பிறகு "அல்ஹம்துலில்லாஹ், சோறு நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார்.

மறுநாள் அவர் தொழுகைக்குப் போனதும் லாத்தா முன்னறைக்கு வந்தாள். "எங்கலே அது?"

சுஐபு பெட்டியைத் திறந்து காட்டினான். கம்பிகளுக்கு நடுவே அவள் பேர். விரலால் தொட்டுப் பார்த்தாள். அழுவாள், அடிப்பாள் என்று அவன் காத்திருந்தான்.

"எப்பலே அவுகளை நீ மவுத்தாக்குனே?" என்று கேட்டாள்.

காலில் விழுந்தான். "இன்னைக்கே மச்சான்கிட்ட சொல்லிர்றேன் லாத்தா."

"வேணாம். ஊரு முன்னால சொல்லியாச்சு. இனி நீ போயி உடைச்சா அவுக உன் மூஞ்சியில முழிக்க மாட்டாக. எனக்குன்னு இருக்கிறது நீங்க ரெண்டு பேருதான்." அவள் எழுந்து போய்விட்டாள்.

வேண்டாம் என்று அவள் சொன்னது சுஐபுவுக்கு வசதியாகப் போயிற்று. அதுதான் கேவலம். உள்ளுக்குள் நிம்மதிப் பெருமூச்சு விட்டான், விட்டதற்காகத் தன்னையே காறித் துப்பிக்கொண்டான், ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. மச்சான் இருந்த நாளெல்லாம் வீட்டில் சண்டை சச்சரவு எதுவும் கிடையாது. சண்டை போட்டிருந்தால் தேவலை. புருஷனும் பெண்சாதியும் வந்த விருந்தாளிகள் மாதிரி மரியாதையாகப் பேசிக்கொண்டார்கள். ஒருநாள் கடற்கரையில் நடக்கும்போது மச்சான் அவனிடமே சொன்னார்.

"அவ மேல குத்தம் இல்ல சுஐபு. ஆறு வருசம். எத்தனை நாளைக்குத்தான் சுவத்தைப் பாத்துக்கிட்டு இருப்பா? ஆனா ஒண்ணு. அங்கன, அந்த மாடியில, ரொம்ப முடியாதப்போ எனக்கு அந்தச் சஹன்தான் ஞாபகம் வரும். அது தொங்குதுன்னு நெனச்சுத்தான் கெடந்தேன்."

அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். அலைச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு சும்மா நடந்தான்.

பர்மிட் தவணை முடிந்து அவர் கிளம்புகிற நாளும் மீலாது விழாவும் ஒன்றாக வந்து சேர்ந்தன. மெட்ராஸிலிருந்து பெரிய பேச்சாளர் வருகிறார். சுஐபுவின் செட்டு காலையிலேயே மேடை ஏறிவிட்டது. மச்சானுக்குக் கடைசிச் சாப்பாடு போட்டபோது அவன் வீட்டுக்கு வந்து நின்றான். புதுச் சஹனில் சோறு. அவர் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டார். கதவிடுக்கில் லாத்தா அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் ஒரு பருக்கை விடாமல் வழித்துச் சாப்பிட்டார். கை கழுவினார். "வாரேன்" என்று சொல்லவில்லை, "போறேன்" என்று சொல்லிவிட்டுப் பெட்டியைத் தூக்கினார்.

லாத்தா வெளியே வந்து சஹன் முன்னால் குந்தினாள். ஒன்றுமில்லாத தட்டை விரலால் ஒரு சுற்றுத் தடவிப் பார்த்தாள். பிறகு எடுத்துக்கொண்டு போய்க் கழுவினாள். சுவர்ப் பக்கம் போகவில்லை. அடுப்படியில் மற்றத் தட்டுகளோடு தட்டாக அடுக்கிவிட்டு, முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்தாள்.

சுஐபு மேடைக்கு ஓடினான். பெட்டியைத் திருப்பி, திருப்புளியை எடுத்து, டிரான்சிஸ்டர் திருகுகளைக் கழற்ற ஆரம்பித்தான்.

"ஏலே, என்ன பண்றே? அஸர் தொழுகைக்குப் பொறகு கூட்டம்!" வாவு முகம்மது காக்கா பதறிப்போனார்.

"தகடு வேணும் காக்கா. அது என்னுது இல்ல."

"பைத்தியமா உனக்கு? நாளைக்குக் கழட்டிக்கோயேன்! மெட்ராஸுக்காரரு முன்னால எங்க மானத்தை வாங்குறியா?"

"நாளைக்கு ஆகாது காக்கா. என்னைய மன்னிச்சிருங்க." கம்பிகளைப் பிய்த்துத் தகட்டை இழுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினான். பின்னால் காக்கா திட்டியதெல்லாம் நியாயமான திட்டு.

ராமநாதபுரம் ஸ்டேஷனில் ரயில் நகரத் தொடங்கிவிட்டது. கடைசிப் பெட்டியில் தொற்றினான். பாம்பன் பாலத்தில் ரயில் ஊர்ந்தபோது இறங்கித் தள்ளலாமா என்றிருந்தது. தனுஷ்கோடியில் கப்பல் ரெடியாக நின்றது. கஸ்டம்ஸ் வரிசையில் டிரங்குப் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தார் ஹமீது சுல்தான். மூச்சிரைக்க வந்து நின்ற மைத்துனனைக் கண்டதும் எழுந்துவிட்டார்.

"என்னலே? அவளுக்கு என்ன?"

சுஐபு தகட்டை நீட்டினான். அவர் வாங்கி, கறுப்பைப் பார்த்தார், ஒன்றும் விளங்கவில்லை. திருப்பினார். பேர் இருந்தது.

"லாத்தா பள்ளிவாசலுக்குக் கொடுக்கல மச்சான். அவளுக்குத் தெரியாமக் கழட்டி நான்தான் வெட்டினேன். மைக் செட்டு சூட்டுக்குத் தகடு இல்லைன்னு. சுவத்துல வேற ஒண்ணை மாட்டினேன். அவ ஒரு வருசம் வெள்ளிக்கிழமை தவறாம அதைத் தொடச்சு உங்களுக்காக துஆ கேட்டா. நீங்க வந்த அன்னைக்குத்தான் அவளுக்கே தெரியும். என்னைக் காப்பாத்தப் பொய் சொன்னா."

"அப்ப நான் வர மாட்டேன்னு நெனச்சது..."

"நான்தான் மச்சான். நான் மட்டும்தான்."

ஹமீது சுல்தானின் கை ஓங்கியது. வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஓங்கிய கை இறங்கவும் இல்லை, அடிக்கவும் இல்லை. "இத்தனை நாளு கூடவே இருந்தியேடா. அவ மூஞ்சியப் பாத்து நான் ஒரு வார்த்தை சிரிச்சுப் பேசலியே. பாத்துக்கிட்டுத்தானே இருந்தே?" சுஐபு அழுதான். அடித்திருக்கலாம்.

கப்பல் ஊதியது. அவர் மறுபடி டிரங்குப் பெட்டிமேல் உட்கார்ந்தார். லாத்தா கட்டிக்கொடுத்த ஓலைக் கொட்டானை அவிழ்த்தார். தேங்காய்ச் சோறும் மாசிச் சம்பலும், தொடாமலே இருந்தது. துண்டால் தகட்டைத் துடைத்து, மடியில் வைத்து, அதில் சோற்றைக் கொட்டிச் சாப்பிட்டார். துளை வழியாகப் பருக்கை வேட்டியில் உதிர்ந்தது. முக்கால்வாசி சாப்பிட்டதும் நிறுத்தி, மிச்சத்தை ஒரு பிடியாகச் சேர்த்து, பேர் இருந்த இடத்தில் வைத்தார்.

"கொண்டு போ. சிந்தாமக் கொண்டு போ" என்றார். திரும்பிப் பார்க்காமல் கப்பல் ஏறினார்.

திரும்புகிற ரயிலில் சுஐபு அந்தத் தகட்டை மடியில் வைக்கவில்லை. இரண்டு கையிலும் ஏந்தி, விரல்களால் துளைகளை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் இருந்தவர்கள் நேர்ச்சையா என்று கேட்டார்கள். தலையாட்டினான். பஸ் கிடைத்து மறுநாள் காலை வீட்டுக்கு வந்தபோது சோறு ஊசிப்போயிருந்தது. "மச்சான் மிச்சம் வச்சது" என்று லாத்தாவிடம் நீட்டினான். வாங்கி, சுவரைப் பார்க்க உட்கார்ந்து, முகம் சுளிக்காமல் ஒரு பருக்கை விடாமல் தின்றாள். கழுவினாள். பழைய ஆணியில், டிரான்சிஸ்டருக்குப் போட்ட துளையிலேயே அதை மாட்டினாள். சதுரமாக, கறுப்பாக, அசிங்கமாகத் தொங்கியது.

மத்தியானம் அவனைச் சாப்பிடக் கூப்பிட்டாள். புதுச் சஹனில் சோறு போட்டிருந்தாள், ஒரே ஆளுக்கு. அவ்வளவு பெரிய தட்டின் ஓரத்தில் அது ஒரு கையகலம் கிடந்தது.

"சின்னத் தட்டு இல்லையா லாத்தா?"

"இதுதான் உன் தட்டு. நீ வாங்கினதுதானே? அவுக வந்து உன் எதுத்தாப்புல உக்கார்ற வரைக்கும் இதுல ஒத்தையாத் தின்னு."

மறுநாளும் அதே சஹன், அதற்கு மறுநாளும். சுஐபு தினமும் தன் பக்கத்துச் சோற்றை மட்டும் சாப்பிட்டுவிட்டு, மச்சானுக்கான எதிர்ப்பக்கத்தை நனைக்காமல் எழுந்து கை கழுவினான்.